வீட்டில் ஒரு பவளத் தோட்டம்

சில மாதங்களுக்கு முன்பு கல்லூரி மாணவர் ஒருவர் என்னைக் காண வந்தார். கையில் ஒரு துணிப்பை. பைக்குள் உள்ளங்கையளவு வெண்ணிறக் கல். இராமேசுவரத்துக்குச் சென்று திரும்பிய உறவினர் ஒருவர் கடற்கரையிலே கண்டெடுத்துக் கொண்டுவந்த பவளக் கல் அது. அதைக் கண்ணாடித் தொட்டியில் உப்புநீருக்குள் இட்டு வைத்தால் மீண்டும் தளிர்க்குமா என்பது அவர் கேள்வி. தளிர்க்காது என்றேன். அது உயிர் நீங்கிய எலும்புக்கூடு. மரத்திலிருந்து பிளந்த விறகு துளிர்ப்பதில்லை அல்லவா?

அவர் முகம் சற்று வாடியது. ஆயினும் விட்டாரில்லை. “ஐயா, உயிருள்ள பவளத்தையே வீட்டில் வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள் என்று படித்திருக்கிறேன். எனக்கு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் ஓய்வு உண்டு. பவளத்தைப் பேண அவ்வளவு பொழுது போதுமா?” என்று கேட்டார்.

முதற் கேள்விக்கு ஒரே சொல்லில் விடை கூறிவிட்டேன். இரண்டாவது கேள்விக்கு அப்படிக் கூற இயலவில்லை. போதும் என்பதும் உண்மை. போதாது என்பதும் உண்மை. இரண்டும் எவ்வாறு ஒருங்கே உண்மையாகும் என்பதைத்தான் இங்கே விளக்க விரும்புகிறேன். நான் ஆராய்ச்சியின் பொருட்டு இங்கிலாந்தின் தென்கரையில் சில ஆண்டுகள் தங்கியிருந்தபோது, வாடகை வீட்டின் முன்னறையில் அத்தகைய தொட்டி ஒன்றை வைத்திருந்தேன். அதில் இருந்த பவளங்கள் கடலிலிருந்து பெயர்த்தவை அல்ல. பிறர் தொட்டிகளிலே வளர்ந்து கிளைத்தவற்றின் துண்டுகள். ஆகையால் நான் சொல்லப் போவதில் பெரும்பகுதி நானே கண்டது. அதிலும் ஒரு பகுதி நானே கெடுத்துக் கற்றது.

பவளத்தை உண்டாக்குவது பவளப் பூச்சி என்று நாம் வழக்கமாகக் கூறும் சிற்றுயிர். உண்மையில் அது பூச்சி இனத்தைச் சேர்ந்ததன்று. கடற்சாமந்திக்கும் சொறிமீனுக்கும் உறவினம். சிறு குழல் போன்ற உடல். குழலின் ஒரு முனையில் வாய். வாயைச் சுற்றிலும் உணர்விரல்கள். கற்பவளங்களில் இவ்வுயிர் கடல்நீரில் கரைந்துள்ள சுண்ணாம்பை ஈர்த்துத் தன் அடிப்புறத்தில் கல்லாகப் படியவைத்து, அதன்மேல் அமர்ந்துகொள்கிறது. மென்பவளங்கள் அவ்வாறு கல் கட்டுவதில்லை. வெப்பக் கடல்களில் வாழும் பவளங்களுள் பெரும்பாலானவற்றின் தசைக்குள்ளே கண்ணுக்குப் புலப்படாத ஒருவகைப் பாசி குடியிருக்கிறது. பவளம் கழிக்கும் கழிவு பாசிக்கு எரு. பாசி வெயிலில் சமைக்கும் சர்க்கரை பவளத்துக்கு உணவு. பல பவளங்களுக்கு வேண்டிய ஆற்றலில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வரையில் இந்தக் குடியிருப்பாளனே தந்துவிடுகிறான்.

பவளத் திட்டுகளைச் சூழ்ந்த கடல் பெரும்பாலும் தெளிந்த நீரை உடையது. தெளிவு என்பது இங்கே வறுமையின் அடையாளம். அந்நீரில் எருச்சத்து மிக மிகக் குறைவு. அத்தகைய வறண்ட நீரில் காடுபோல் உயிர்கள் செழித்திருப்பது எப்படி என்பது அறிஞர்களை நெடுங்காலம் வியக்க வைத்த புதிர். வந்த சத்தை வெளியே விடாமல் ஒருவர் கழிவை மற்றொருவர் உணவாக்கி, திரும்பத் திரும்பச் சுழற்றிக்கொள்வதே அங்கு நடக்கும் இல்லறம். வீட்டுத் தொட்டியிலும் இந்த இல்லறத்தை நடத்துவிக்க முடிந்தால் நமக்கு வேலை குறையும். முடியாவிட்டால் கடல் செய்யும் வேலையை எல்லாம் நாமே வாளியும் குழாயுமாக நின்று செய்ய வேண்டியதுதான்.

அப்படி நின்று செய்தவர்களும் உண்டு. 1846-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் டார்க்கி என்னும் கடற்கரை ஊருக்குச் சென்றிருந்த ஆனா தின் என்ற சீமாட்டி, அங்கே பாறைகளில் ஒட்டியிருந்த கிண்ணப் பவளங்களைக் கண்டு காதலுற்று, அவற்றை லண்டனுக்கு எடுத்துச் சென்றார். வழியில் குலுங்கிச் சிதையாமலிருக்க அவற்றை ஊசியும் நூலும் கொண்டு ஒரு கடற்பஞ்சில் தைத்து, கல் ஜாடிக்குள் வைத்துக் கொண்டுபோனாராம். லண்டனுக்கு அருகில் கடல் ஏது? ஆகவே இருக்கும் நீரையே உயிர்ப்பிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு நாளும் அவர் வீட்டுப் பணிப்பெண் திறந்த சாளரத்தின் முன் நின்று, முக்கால் மணி நேரம் வரையில் அந்நீரை ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு ஊற்றி ஆற்றினாள். நம் ஊரில் காப்பி ஆற்றுவதை நினைத்துக்கொள்ளுங்கள், அந்த ஆற்றல்தான். காற்றிலுள்ள பிராணவாயு நீரில் கரைய வேண்டும் என்பது நோக்கம். 1847-இல் அச்சீமாட்டி தொட்டியிலே கடற்பாசியையும் சேர்த்து வைத்தார். பாசி வெளிச்சத்தில் பிராணவாயுவை விட்டது. அந்தப் பவளங்கள் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் லண்டனில் உயிர் வாழ்ந்தன. வரலாற்று நூல்கள் சீமாட்டியைப் போற்றுகின்றன. என் மனம் என்னவோ சாளரத்தருகே கை கடுக்க நின்ற அந்தப் பெண்ணிடமே செல்கிறது.

இதே காலத்தில், லண்டனில் இராபர்ட் வாரிங்டன் என்ற இரசாயன அறிஞர் நன்னீரில் ஒரு சோதனை செய்தார். கண்ணாடிப் பாத்திரத்தில் இரண்டு பொன்மீன்கள், வாலிஸ்நேரியா என்னும் நாடா போன்ற நீர்ச்செடி, இவ்வளவே. செடியின் முதிர்ந்த இலைகள் அழுகியபோது நீர் கலங்கிற்று. நீரை மாற்றுவதற்கு மாறாக அவர் சில குளத்து நத்தைகளை உள்ளே விட்டார். நத்தைகள் அழுகல் இலைகளைத் தின்றன, நீர் தெளிந்தது. 1850-இல் அவர் இதை அறிஞர் கழகத்தில் எடுத்துரைத்தார். கெட்டுப்போன ஒன்றைச் சீராக்க மனிதன் கை வைப்பதைக் காட்டிலும், அதை உண்டு பிழைக்கும் ஓர் உயிரைக் கொண்டுவந்து வைப்பது மேல் என்ற எண்ணம் இந்த நத்தைகளோடு பிறந்தது என்று கூறலாம்.

ஆனால் நத்தையால் ஆகாத வேலை ஒன்று உண்டு. மீனும் பிற உயிர்களும் கழிக்கும் கழிவிலிருந்தும், மிஞ்சி அழுகும் உணவிலிருந்தும் அம்மோனியா என்ற பொருள் தோன்றுகிறது. அது நஞ்சு, மிகச் சிறு அளவிலேயே மீனின் செவுள்களைத் தீய்த்துவிடும். இதை உணவாகக் கொள்ளும் நுண்ணுயிர்கள் இயற்கையில் உள்ளன. ஒரு சாரார் அம்மோனியாவை நைட்ரைட் ஆக்குகின்றனர், அதுவும் நஞ்சே. மற்றொரு சாரார் நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்குகின்றனர். இது அவ்வளவு கொடியதன்று. இப்படி இரு கைகள் மாறி வேலை நடக்கிறது என்பதை 1890-ஆம் ஆண்டு வாக்கில் ருஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி நிலத்து மண்ணை ஆராய்ந்து கண்டறிந்தார். கடலிலும் அதே கதைதான். இவற்றுக்குப் பிராணவாயு வேண்டும். ஒட்டி வாழ ஓர் இடமும் வேண்டும். துளைகள் நிறைந்த பாறையின் மேற்பரப்பு அவற்றுக்கு ஏற்ற வீடு.

அதே பாறையின் உட்புறத்தில், நீரோட்டம் எளிதில் எட்டாத துளைகளில், பிராணவாயு அருகிப் போகிறது. அங்கே வாழும் வேறு நுண்ணுயிர்கள் நைட்ரேட்டிலுள்ள பிராணவாயுவைப் பிரித்துத் தாம் எடுத்துக்கொண்டு, எஞ்சிய நைட்ரஜனை வாயுவாக விட்டுவிடுகின்றன. அது குமிழாகவும் தோன்றாமல் மெல்ல நீரைக் கடந்து காற்றிலே கலந்துவிடும். ஒரே கல்லின் புறத்தே ஒரு தொழிற்சாலை, அகத்தே மற்றொன்று! இப்படிப்பட்ட கல்லையே உயிர்ப்பாறை என்கிறோம். கல்லுக்கு உயிரில்லை; அதன் குடிமக்களுக்கே உயிர்.

உயிர்ப்பாறையின் பெருமையை இல்லத்துத் தொட்டிகளில் நிலைநாட்டியவர்களுள் முதல்வராக இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவரைச் சொல்வதுண்டு. 1961-இல் அவர் தம் முறையை ஓர் அமெரிக்க மீன்வளர்ப்பு இதழில் வெளியிட்டார். கடல்நீர், கடலிலிருந்து எடுத்த உயிருள்ள பாறைகள், வெயில், சிறு காற்றுக் குமிழ்கள், இவையன்றி வேறெதுவும் அவர் தொட்டியில் இல்லை. சல்லடைகளையும் மருந்துகளையும் நம்பியிருந்த மேல்நாட்டார் பலர் இதை உடனே ஏற்கவில்லை. பிற்காலத்தில், 1980-களை ஒட்டி, பெர்லின் நகரத்து ஆர்வலர்கள் உயிர்ப்பாறையோடு வலிய விளக்கையும், நீரில் கரைந்த கழிவை நுரையாகத் திரட்டி வெளியேற்றும் ஒரு கருவியையும் சேர்த்து ஒரு முறையை வகுத்தனர். இன்று உலகின் பல வீடுகளில் உள்ள பவளத் தொட்டிகள் அவ்விரு முறைகளின் வழித்தோன்றல்களே. ஒரு வேறுபாடு: இன்று கடற்பாறையைப் பெயர்ப்பதற்கு மாறாக, உலர்ந்த துளைக்கல்லை வாங்கி, பழைய தொட்டி ஒன்றிலிருந்து ஒரு சிறு கல்லை மட்டும் இரவல் பெற்று உடன் வைக்கிறார்கள். தயிருக்கு உறை ஊற்றுவது போல, அச்சிறு கல்லிலிருந்து மற்றக் கற்களுக்கு நுண்ணுயிர்கள் பரவுகின்றன. நஞ்சை முறிக்கும் அளவுக்கு அவை பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நிலையான ஒரு சமுதாயம் அமையவோ ஓராண்டும் ஆகலாம். அதுவரை மீனை விடாமல் வெறும் கல்லைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருக்க மனம் வேண்டும். பின்னாளில் வேலை குறைவாக இருக்க வேண்டுமானால், அதற்குரிய விலை இந்தக் காத்திருப்புத்தான்.

இங்கே என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். தொட்டி வைத்த முதல் ஆண்டின் இறுதியில் என் ஆசிரியர் ஒருவர் வீட்டுக்கு வருவதாக இருந்தது. பாறைகளின்மேல் பழுப்பும் பச்சையுமாகப் பாசி படிந்திருந்தது. மணலும் அழுக்காகத் தோன்றியது. பொங்கலுக்கு வீட்டைத் துப்புரவு செய்வது போல் ஒரே நாளில் எல்லாவற்றையும் முடித்துவிடத் துணிந்தேன். பாறைகளை வெளியே எடுத்துக் குழாய்த் தண்ணீரில் பிரஷ் கொண்டு தேய்த்தேன். மணலைக் கொட்டிவிட்டுப் புது மணல் இட்டேன். நீர் முழுவதையும் மாற்றினேன். அன்று மாலை தொட்டி பளிங்கு போல் ஒளிர்ந்தது. வந்தவரும் பாராட்டிவிட்டுச் சென்றார். மூன்றாம் நாள் காலையில் இரண்டு கோமாளி மீன்களும் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. நீரைச் சோதித்தேன், அம்மோனியா. அன்றிரவே ஒரு மீன் இறந்தது. தோல்பவளம் என்னும் மென்பவளம் சுருங்கி, காய்ந்த காளான் போலாயிற்று. மீண்டும் அது உணர்விரல்களை விரிக்க ஐந்து வாரம் பிடித்தது. குழாய்த் தண்ணீரில் நகராட்சியார் கிருமிகளைக் கொல்வதற்காகக் குளோரின் சேர்க்கிறார்கள். அது என் பாறைகளிலிருந்த தொழிலாளர்களையும் கொன்றுவிட்டது. அழுக்கென்று நான் கழுவி விட்டது தொட்டியின் ஈரலையும் சிறுநீரகத்தையும்.

அதன்பின் என் வழக்கத்தை மாற்றிக்கொண்டேன். மாதத்துக்கு ஒரு நாள். அன்றும் இரண்டு மணி நேரத்துக்கு மேற்படாத வேலை. என் தொட்டி 90 சென்டிமீட்டர் நீளம், 45 அகலம், 50 உயரம். பாறையும் மணலும் போக 170 லிட்டர் நீர் கொள்ளும். அதில் 20 லிட்டரை எடுத்துவிட்டு, முந்திய நாளே தூய நீரில் கடலுப்புக் கலவையைக் கரைத்து வைத்திருந்த 20 லிட்டரை ஊற்றுவேன். கண்ணாடியின் முன்புறத்தை மட்டும் துடைப்பேன். பின்புறத்துப் பாசி நத்தைகளுக்கு மானியம். பம்புகளைக் கழற்றிப் பார்ப்பேன். பாறையைத் தொடமாட்டேன்.

இப்போது “போதாது” என்ற பகுதிக்கு வருகிறேன். மாதம் ஒருமுறை செய்ய முடியாத வேலை ஒன்று இருக்கிறது. அதை மறந்தவன் தொட்டியை இழப்பான். நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது, உப்போ ஆவியாவதில்லை. கடல்நீரில் ஒரு கிலோகிராமுக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. என் தொட்டியிலிருந்து நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் மறைந்ததென்று கொள்வோம். பத்து நாளில் 15 லிட்டர் போய்விடும். எஞ்சிய நீரில் உப்பு 38 கிராமுக்கு மேல் ஏறிவிடும். 20 லிட்டர் கொள்ளும் சிறு தொட்டியாயின், நாளுக்கு அரை லிட்டர் குறைந்தால்கூட நான்கே நாளில் 39 கிராமை எட்டும். ஆகவேதான் சிறிய தொட்டி எளியது என்ற நினைப்பு தவறு. பெரிய நீர்ப்பரப்பு நம் மறதியைப் பொறுத்துக்கொள்ளும், சிறியது பொறுக்காது. குறைந்த நீருக்கு ஈடாக ஊற்ற வேண்டியது உப்பில்லாத தூய நீர். உப்புநீரை ஊற்றினால் உப்பு மேலும் மேலும் ஏறும். புதியவர்கள் பலர் செய்யும் பிழை இது. நம் வீட்டு மாடியிலுள்ள தண்ணீர்த் தொட்டியில் நீர் நிறைந்ததும் அடைத்துக்கொள்ளும் மிதவைக் குமிழை அறிவீர்கள். அதைப் போன்ற சிறிய ஒன்றைப் பொருத்தி, பக்கத்தில் ஒரு தூயநீர்க் கலத்தை வைத்துவிட்டால் இவ்வேலை தானே நடக்கும். ஆனாலும் மிதவையை நான் முழுதும் நம்பியதில்லை. கண்ணாடியின் வெளிப்புறத்தில் அழியாத மையால் ஒரு கோடு போட்டிருந்தேன். காலையில் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கோட்டையும் வெப்பமானியையும் பார்ப்பேன், அரை நிமிடம். நாள்தோறும் அந்த அரை நிமிடம் இல்லாவிட்டால் மாதாந்திர இரண்டு மணி நேரம் பயனற்றது.

ஊற்றும் பாத்திரமும் கவனத்துக்குரியது. பித்தளைக் குடம், செம்புச் சொம்பு இவை கூடா. செம்பு சிறிதே கரைந்தாலும் நத்தை, இறால், பவளம் போன்ற முதுகெலும்பில்லா உயிர்களுக்கு ஆகாது.

உணவு விஷயத்தில் கருமியாக இருத்தல் நலம். தொட்டிக்குள் வரும் அழுக்கில் பெரும்பகுதி உணவாகத்தான் வருகிறது. நைட்ரஜன் வாயுவாகப் போய்விடும் என்று சொன்னேன். உணவிலுள்ள பாஸ்பேட் அப்படிப் போவதில்லை. அது தங்கிப் பாசியைப் பெருக்குகிறது. கற்பவளம் சுண்ணாம்பு கட்டுவதையும் தடுக்கிறது. இரண்டு சிறு மீன்களுக்கு ஒரு சிட்டிகை; இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்காதது மிகை. பாஸ்பேட்டை வெளியேற்ற ஓர் அழகிய வழி உண்டு. முதன்மைத் தொட்டியோடு நீரோட்டத்தால் இணைந்த ஒரு சிறு அறையில் பச்சை நூற்கண்டு போன்ற கடற்பாசியை வளர்ப்பது. பாசி நீரிலுள்ள சத்தை உறிஞ்சிப் பருக்கும். மாதம் ஒருமுறை ஒரு பிடி பறித்தெறிந்தால் அதனோடு பாஸ்பேட்டும் வெளியேறிவிடும். அந்த அறையின் விளக்கை மட்டும் இரவில் எரிய விடுவார்கள். பகலில் பவளங்கள் கரியமில வாயுவை உட்கொள்கின்றன. இரவில் எல்லா உயிர்களும் அதை வெளிவிடுவதால் நீர் சற்றுப் புளிப்புப் பக்கம் சாய்கிறது. இராக்காவல் செய்யும் பாசி அந்தக் கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு நீரை நிலைநிறுத்துகிறது. இந்த ஏற்பாட்டை முதன்முதலில் கண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

எந்தப் பவளத்தை வைப்பது என்பதும் வேலையின் அளவைத் தீர்மானிக்கும். கிளை கிளையாக விரைந்து வளரும் கற்பவளங்கள் லிட்டருக்கு ஏறக்குறைய 410 மில்லிகிராம் என்ற அளவில் கடல்நீரிலுள்ள கால்சியத்தை நாள்தோறும் குறைத்துக்கொண்டே வரும். அதை ஈடுசெய்யத் தெளிந்த சுண்ணாம்பு நீரைத் துளித்துளியாக விடுவதுண்டு. வெற்றிலைக்குத் தடவுகிறோமே, அதே பொருளின் தூய வடிவம். லிட்டருக்கு ஒன்றரை கிராம் அளவே நீரில் கரையும். அவசரப்பட்டு ஒரே முறையில் ஊற்றினால் நீரின் காரம் ஏறி உயிர்கள் மடியும். மாதம் ஒரு நாள் மட்டும் உழைக்க விரும்புபவர் இந்த வம்பில் இறங்காமல் தோல்பவளம், காளான்பவளம் போன்ற மெல்ல வளரும் வகைகளோடு நிறைவு கொள்ளலாம்; அவற்றுக்கு மாதாந்திர நீர்மாற்றமே போதும். ஓர் எச்சரிக்கை: பொத்தான் போன்ற வடிவுடைய சோவாந்தஸ் இனங்கள் சிலவற்றில் பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சு இருக்கிறது. கையில் கீறலிருந்தால் அவற்றைத் தொடலாகாது. அவை படிந்த பாறையைக் கொதிநீரில் இடுவது, ஆவி வழியாக உயிருக்கே தீங்காகலாம்.

மூன்றாம் ஆண்டில் ஊரில் என் தாயார் நோயுற்றார்கள் என்ற செய்தி வந்தது. மூன்று வாரம் வீட்டைப் பூட்டிவிட்டுப் புறப்பட வேண்டியதாயிற்று. மாடியில் குடியிருந்த மூதாட்டியிடம் சாவியைக் கொடுத்தேன். தூயநீர்க் கலத்தை நிரப்பி வைத்தேன். வாரத்துக்கு இரண்டாக ஆறு சிறு பொட்டலங்களில் மீன் உணவை மடித்துக் கொடுத்துவிட்டு, எஞ்சிய உணவு டப்பாவை அலமாரிக்குள் பூட்டினேன். அந்த அம்மையார் இரக்க மனம் உடையவர். மீன் வாயைத் திறந்தால் பசி என்று எண்ணிவிடுவார்! விமானத்தில் என் நினைவெல்லாம் தாயாரிடமே இருந்தது. தொட்டியை நான் இழந்துவிட்டதாகவே முடிவு செய்திருந்தேன். தாயார் தேறினார்கள். திரும்பி வந்து கதவைத் திறந்தபோது முன்னறையில் கடற்கரையின் மணம் மாறாமல் இருந்தது. கண்ணாடியில் பாசி திரைபோல் படர்ந்திருந்தது. அதை வழித்துவிட்டுப் பார்த்தேன். மீன் இருந்தது. தோல்பவளம் முழுதும் விரிந்து, நான் விட்டுச் சென்றதைவிட ஒரு விரற்கடை அகன்றிருந்தது. மூன்று வாரம் என் கை படாததுதான் அதற்குப் பிடித்திருந்தது போலும் என்று எண்ணி வெட்கமும் மகிழ்ச்சியும் ஒருங்கே அடைந்தேன்.

அங்கே நீரைச் சூடாக்குவது கவலை. நம் நாட்டிலோ குளிர்விப்பதே கவலை. பவளத்துக்கு 25, 26 பாகை செல்சியஸ் உகந்தது. வழக்கமான கோடை வெப்பத்துக்கு மேல் ஒன்றிரண்டு பாகை கூடி அது பல நாள் நீடித்தால், பவளம் தன்னுள் குடியிருக்கும் பாசியை வெளியேற்றிவிடுகிறது. பாசி போனதும் நிறமும் போய், உள்ளிருக்கும் வெள்ளைக் கல் தெரிகிறது. இதையே பவள வெளிறல் என்கிறோம். மன்னார் வளைகுடாவிலும் 2010-இலும் 2016-இலும் இது நேர்ந்தது. சென்னையின் மே மாதத்தில் ஓர் அறைத்தொட்டியைக் காப்பாற்ற மின்விசிறியும் போதாமல் குளிர்விப்புக் கருவியே வேண்டியிருக்கும். மின்சாரம் நின்றால் நீரைக் கலக்கவும் காற்றூட்டவும் மின்கலத்தில் ஓடும் ஒரு சிறு பம்பாவது வேண்டும்.

இவற்றை எல்லாம் அந்த மாணவரிடம் கூறிவிட்டு, முக்கியமான ஒன்றையும் கூறினேன். இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள மன்னார் வளைகுடாத் தீவுகள் 21. அவற்றைச் சூழ்ந்த கடற்பகுதி 1986-இல் தேசியக் கடற்பூங்கா ஆக்கப்பட்டது. அதற்கு முன்னும் பின்னும் பல்லாண்டுகள் அங்கே பவளத்தை வெட்டியெடுத்துச் சுண்ணாம்புக்காகச் சுட்டார்கள். வீடு கட்டக் கல்லாகவும் கொண்டார்கள். அரணாக இருந்த பவளம் போன பிறகு அலைகள் மணலை அரித்தன. பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரு தீவுகள் இன்று நீருக்கு மேல் இல்லை. 2001-ஆம் ஆண்டு முதல் கற்பவள இனங்கள் யாவும், புலிக்கும் யானைக்கும் உரிய அதே முதற்பட்டியலில், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளன. கடலிலிருந்து அவற்றை எடுப்பதையும் விற்பதையும் சட்டம் தடுக்கிறது. இறந்த கல்லும் அதற்கு விலக்கன்று. “தம்பி, உங்கள் பையிலுள்ளதும் அதில் அடங்கும். வனத்துறையினரிடம் ஒப்படைத்துவிடுங்கள்” என்றேன். இங்கிலாந்தில் நான் வைத்திருந்தது போன்ற தொட்டியை இங்கு நான் வைக்காததற்கும் அதுவே காரணம். புறப்படும்போது அதைப் பாறையோடும் மணலோடும் ஒரு நண்பருக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மாணவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அப்படியானால் எனக்கு ஒன்றும் இல்லையா?” என்று கேட்டார். வாரிங்டனின் பாத்திரத்தைப் பற்றிச் சொன்னேன். வாயகன்ற கண்ணாடி ஜாடி, குளத்து மணல், இரண்டு மூன்று நீர்ச்செடி, நான்கு நத்தை. ஒரு மாதம் கழித்து ஒரே ஒரு சிறு மீன். சாளரத்தருகே வெளிச்சத்தில் வைத்து, நேர் வெயில் படாமல் பார்த்துக்கொள்ளும்படி கூறினேன். கடல் அதில் இருக்காது. ஆனால் கடலில் நடக்கும் அதே இல்லறம் இருக்கும்.

அண்மையில் அவர் வீட்டுப் பக்கம் போக நேர்ந்தது. மாடிப்படியின் கீழிருந்த ஜாடியைக் காட்டினார். நீர் இளம் பச்சையாகத் தெளிந்திருந்தது. கண்ணாடியில் நத்தைகள் பாகு போன்ற முட்டைக் கொத்துகளை இட்டிருந்தன. அவருடைய அம்மா அடுக்களையிலிருந்து, “இந்தத் தண்ணீரை ஒரு முறைகூட மாற்ற விடமாட்டேன் என்கிறான், சார், நீங்களாவது சொல்லுங்கள்” என்றார். நான் குனிந்து ஜாடியின் பக்கவாட்டைப் பார்த்தேன். கறுப்பு மையால் ஒரு கோடு இருந்தது. நீர்மட்டம் அந்தக் கோட்டின்மேல் நின்றது.